செயின் சாவில் பிளக் கரண்ட் வரவில்லை, புதுக் காயில் போட்டும் அப்படியே

பெண்ணைக்கரை:

வணக்கம். நெல்லிக்குப்பம் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் சவுக்கு இருக்கிறது, வரப்போரமாகக் கொஞ்சம் வேம்பும் தேக்கும். ஆள் வைத்து அறுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று மூன்று வருடத்துக்கு முன் ஒரு சைனா செயின் சா வாங்கினேன். 58 சிசி, 22 இன்ச் பார், பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாத கம்பெனி. ஆனால் நன்றாகவே உழைத்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு பெண்ணையாற்றில் வந்த வெள்ளத்தில் எங்கள் மோட்டார் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மெஷின் தரையில் இருந்தது, மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து மொத்தமாகப் பிரித்துக் கழுவி வாங்கினேன். அதற்கு அப்புறமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

போன வாரம் ஒரு வேம்பை அறுக்கும்போது பாதி மரத்தில் பட்டென்று நின்றுவிட்டது. இருமவில்லை, இழுவை குறையவில்லை, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. அப்புறம் எவ்வளவு கயிறு இழுத்தும் ஒரு டப் கூடக் கேட்கவில்லை. பிளக்கைக் கழற்றினால் ஈரமாக இருக்கிறது, அதனால் பெட்ரோல் போகிறது. கரண்ட்தான் வரவில்லை. புதுப் பிளக் போட்டேன், இல்லை. கடையில் கேட்டதற்கு, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில் போயிருக்கும், மாற்றுங்கள் என்றார்கள். 450 ரூபாய் கொடுத்து வாங்கி நானே மாட்டினேன், அதிலும் இல்லை. இப்போது காயிலுக்குப் பக்கத்தில் சுற்றுகிற மேக்னட் வீலும் போயிருக்கும் என்கிறார்கள். இதற்கு மேல் காசு போடுவதா, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதா? தோள்பட்டை வேறு கழன்று தொங்குகிறது.

முந்திரிக்காடு:

கார்புரேட்டரைக் கழற்றி கிளீன் செய்யுங்கள் ப்ரோ. பழைய பெட்ரோல் போட்டு வைத்திருப்பீர்கள், ஜெட் அடைத்திருக்கும். எனக்கும் இதே பிரச்சினை வந்து அப்படித்தான் சரியானது.

பாகூர் டூ ஸ்ட்ரோக்:

பிளக் ஈரமாக இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார், கரண்ட் இல்லை என்கிறார், அங்கே போய் கார்புரேட்டரைக் கழற்றி என்ன செய்வது? கிளறி வைத்தால் இருக்கிற ஒரு கோளாறு இரண்டு ஆகும்.

தம்பி, மேக்னட் வீலை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். அது அலுமினிய வீலில் பதித்த நிரந்தரக் காந்தம், அவ்வளவு சுலபத்தில் சாகாது. ஒரு ஸ்குரூ டிரைவரைப் பக்கத்தில் கொண்டுபோனால் வெடுக்கென்று இழுக்கிறதா? இழுத்தால் காந்தம் உயிரோடு இருக்கிறது. அந்த வீலில் உண்மையில் வருகிற கோளாறு, வீலைத் தண்டில் நகராமல் பிடித்து நிறுத்துகிற சின்னச் சாவி தேய்ந்து, வீல் தன் இடத்திலிருந்து கொஞ்சம் திரும்பிவிடுவது. அப்போது கரண்ட் வரும், நேரம் தப்பி வரும், கயிறு கையை உதறும். உங்களுடையது அது இல்லை.

முதலில் ஒன்று சொல்லுங்கள், கரண்ட் வரவில்லை என்பதை எப்படிப் பார்த்தீர்கள்? வெட்ட வெளியில் பதினோரு மணி வெயிலில் நின்று பார்த்தால் நல்ல தீப்பொறியே கண்ணுக்குத் தெரியாது. கொட்டகை நிழலுக்குள் வாருங்கள். பிளக்கைத் தொப்பியில் மாட்டி, பிளக்கின் இரும்புப் பகுதியைச் சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக இருக்கிற துடுப்பில், பெயின்ட் இல்லாத இடத்தில், அழுத்திப் பிடியுங்கள். துடுப்பில் சரியாகப் படவில்லை என்றால் எர்த் இல்லை, எர்த் இல்லை என்றால் தீப்பொறியும் இல்லை, நீங்கள் பாவம் காயிலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பிடிப்பது பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட பிளையராக இருக்கட்டும், வெறுங்கையால் பிடித்தவன் இரண்டாம் தடவை பிடிக்க மாட்டான். இன்னொன்று, பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கிறது, இழுக்கும்போது அது பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும், தீப்பொறி பட்டால் முகத்துக்கு நேரே பற்றும். ஓட்டையில் ஒரு துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, தள்ளி வைத்துப் பாருங்கள். கயிற்றையும் தயிர் கடைவது போல இழுக்காமல் ஒரே வீச்சில் இழுக்க வேண்டும், மெதுவாகச் சுற்றினால் இந்தக் காயில் கரண்ட் கொடுக்காது.

இதெல்லாம் சரியாகச் செய்தும் இல்லை என்றால், அடுத்து தொட வேண்டியது ஆன் ஆஃப் சுவிட்ச் வயர். எல்லோரும் தப்பு செய்கிற இடம் இது. வீட்டு லைட் சுவிட்ச் ஆஃப் என்றால் இணைப்பு அறுந்தது என்று அர்த்தம். செயின் சாவில் தலைகீழ். இதில் பேட்டரியே கிடையாது. காந்தம் காயிலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு சுற்றிலும் காயில் தானாகக் கரண்ட் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த ஒரே வழி அந்தக் கரண்டை எர்த்தில் இறக்குவதுதான். சுவிட்சை ஆஃபில் வைத்தால் காயிலிலிருந்து வருகிற மெல்லிய வயர் பாடியோடு சேர்ந்துவிடும், மெஷின் நிற்கும். அப்படியென்றால் அந்த வயர் வழியில் எங்காவது தோல் உரிந்து இரும்பில் பட்டாலும் மெஷினுக்கு அது ஆஃப்தான். சுவிட்ச் ஆனில் இருந்து பிரயோஜனம் இல்லை. புதுக் காயில் என்ன, பத்துக் காயில் மாட்டினாலும் அதே வயரில்தானே மாட்டுவீர்கள்?

ஸ்டார்டர் மூடியைக் கழற்றினால் காயிலில் ஒரு சின்னத் தகடு முனையில் அந்த வயர் செருகியிருக்கும். பிளக்குக்குப் போகிற தடிமனான வயர் இல்லை, மற்றது. அதை உருவி, எதிலும் படாமல் தனியாக விட்டு, மூடியைத் திரும்பப் போட்டு இழுத்துப் பாருங்கள். கரண்ட் வந்தால் காயில் நல்லது, வயரோ சுவிட்சோதான் குற்றவாளி. வராவிட்டால் மறுபடி எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை மீட்டர்:

பாகூர் அண்ணன் சொன்னது சரி. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். உருவிய வயரின் முனையில் ஒரு பின், சிலிண்டரில் ஒரு பின், ஓம்ஸில் அல்லது பீப்பில் வையுங்கள். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது தொடர்பு இருக்கக் கூடாது, ஆஃபில் இருக்க வேண்டும். ஆனிலேயே பீப் அடித்தால் வயர் எங்கோ எர்த் ஆகிறது. வயரை அங்கங்கே ஆட்டிக்கொண்டே பாருங்கள், சில சமயம் ஆட்டும்போதுதான் பிடிபடும்.

பிளக்கையும் மீட்டரில் பார்க்கலாம். பெயரில் ஆர் என்ற எழுத்து இருந்தால், உதாரணத்துக்கு என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ, உள்ளே ரெசிஸ்டர் உண்டு. மேல் முனைக்கும் நடுக் கம்பிக்கும் ஏறக்குறைய 5000 ஓம்ஸ் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் புதுப் பிளக்கே ஆனாலும் உள்ளே அறுந்திருக்கிறது. அதே போல காயிலிலும் பிளக் வயருக்கும் இரும்புக் கோருக்கும் நடுவில் ஓம்ஸ் பார்த்தால் காயில் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடலாம்.

பாகூர் டூ ஸ்ட்ரோக்:

கடைசி வரி மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. அந்தக் காலத்துப் பாயின்ட் செட் வண்டிக் காயில் என்றால் நீங்கள் சொல்வது சரி, உள்ளே வெறும் கம்பிச் சுற்று. இப்போது வருகிற செயின் சா காயிலில் கம்பிச் சுற்றோடு எலக்ட்ரானிக் சர்க்யூட்டும் சேர்த்துப் பிசின் ஊற்றி அடைத்திருக்கிறான். மீட்டரில் ஒன்றுமே காட்டாவிட்டால் கெட்டது என்று சொல்லலாம். அளவு சரியாகக் காட்டினால் நல்லது என்று சொல்ல முடியாது. குளிர்ச்சியில் நல்ல அளவு காட்டி, கால் மணி நேரம் ஓடி சூடானதும் படுத்து, ஆறியதும் எழுந்து ஓடுகிற காயில் எத்தனையோ பார்த்தாயிற்று. தானே புயல் சமயம், 2011 டிசம்பர் 30, பண்ருட்டி பக்கம் பலா மரமும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தபோது நாங்கள் மூன்று மெஷினோடு ரோட்டில் கிடந்த மரம் அறுக்கப் போனோம். அதில் ஒன்று இந்த ரகம். காலையில் முதல் மரத்துக்கு ஓடும், இரண்டாவதுக்குப் படுத்துவிடும், டீ குடித்துவிட்டு வந்தால் திரும்ப ஓடும். கடைசியில் அதன் பெயரே டீ மெஷின் ஆகிவிட்டது.

பெண்ணைக்கரை:

அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். வயரை உருவி, நிழலில் வைத்து இழுத்தால் கரண்ட் வருகிறது!! இரண்டு நாளாக இதை வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொறி சன்னமாக, ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது, நாலு இழுப்புக்கு ஒரு தடவை வருவதே இல்லை. பிளக் போட்டு ஸ்டார்ட் செய்தேன், இரண்டு தடவை டப் டப் என்று அடித்துவிட்டு நின்றுவிட்டது.

ஒரு சந்தேகம், இந்த வயரை மாட்டாமல் அப்படியே ஓட்டினால் என்ன? எனக்கு இன்னும் மூன்று மரம்தான் பாக்கி. நிறுத்த வேண்டும் என்றால் சோக்கை இழுத்து நிறுத்திக்கொள்கிறேன்.

பாகூர் டூ ஸ்ட்ரோக்:

சோதனைக்கு ஒரு நிமிடம் ஓட்டலாம், மரம் அறுக்கக் கூடாது. சோக் போட்டால் நிற்கும்தான், ஆனால் உடனே நிற்காது, திணறிவிட்டுத்தான் நிற்கும். பார் மரத்தில் சிக்கி மெஷின் திமிறும்போதோ, கிளை நம் பக்கம் சாயும்போதோ கட்டை விரல் போவது அந்தச் சிவப்பு சுவிட்சுக்குத்தான். சோக் எங்கே என்று அப்போது யோசிக்க நேரம் இருக்காது. மரம் எங்கும் ஓடிப்போகாது.

சவுக்குக்கட்டை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ரெட்டிச்சாவடியில் சவுக்கு வெட்டு எடுத்துச் செய்கிறோம், எங்களிடம் ஐந்து மெஷின் இருக்கிறது, அதனால் இந்த வியாதி எல்லாம் பழக்கம். பொறி சன்னமாக வருவதற்குக் காரணம் நீங்கள் காயில் மாட்டிய விதமாகத்தான் இருக்கும். காயிலுக்கும் மேக்னட் வீலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? கண் மதிப்பில் விட்டிருந்தால் நிச்சயம் அதிகம். 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு எல்லாம் தேடிப் போக வேண்டாம், வீட்டில் கிடக்கிற ஒரு விசிட்டிங் கார்டு போதும், அதன் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். பளபளவென்று பிளாஸ்டிக் பூசிய கல்யாணப் பத்திரிகை அட்டை வேண்டாம், அது தடிமன்.

காயிலின் இரண்டு ஸ்குரூவையும் தளர்த்தி, காயிலை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்து ஒன்றை மட்டும் லேசாக இறுக்கி நிறுத்துங்கள். வீலைக் கையால் சுழற்றி, காந்தம் பதித்த பகுதியைக் காயிலின் இரும்புக் காலுக்கு நேரே கொண்டுவாருங்கள். நடுவில் கார்டைச் செருகுங்கள். இப்போது ஸ்குரூவைத் தளர்த்தினால் காந்தமே காயிலை டக்கென்று இழுத்து கார்டின் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். அப்படியே இரண்டு ஸ்குரூவையும் இறுக்கிவிட்டு வீலைச் சுற்றினால் கார்டு தானாக வெளியே வந்துவிடும். அப்புறம் ஒரு முழுச் சுற்று கையால் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் இரண்டு இடத்தைப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய மெஷின் என்கிறீர்கள், மேக்னட் முகத்திலும் பழைய காயில் காலிலும் துரு ஏறியிருக்கும். நம் ஊர் உப்புக் காற்றுக்கு மூழ்காத மெஷினிலேயே ஏறுகிறது. தேங்காய் எண்ணெய் தடவிப் பாதுகாக்கிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மரத்தூள் ஒட்டி அடையாகிவிடும். நைசான எமரிச் சீலையால் துருவைத் தேய்த்து, துணியால் துடைத்தால் போதும். இரண்டாவது, காயில் உட்காருகிற ஸ்குரூத் தளம். காயிலுக்கு எர்த் அந்த இரண்டு ஸ்குரூ வழியாகத்தான். அங்கே துருவோ பெயின்டோ இருந்தால் பொறி இப்படித்தான் வந்தும் வராமலும் இருக்கும்.

இன்னொன்று, பிளக் தொப்பிக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், அதுதான் பிளக் தலையைக் கவ்விப் பிடிப்பது. அதைப் பார்த்தீர்களா? வெள்ளத்தில் முழுகியதில் துருப்பிடித்து உடைந்திருக்கும். பிளக் இடைவெளி 0.5 மில்லிமீட்டர் வையுங்கள், புதுப் பிளக் டப்பாவிலிருந்து வரும்போது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி நான் ஏமாந்திருக்கிறேன்.

முந்திரிக்காடு:

கார்புரேட்டர் பற்றிச் சொன்னவன் நான்தான், மன்னியுங்கள், பிளக் ஈரம் என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் இத்தனை தடவை இழுத்ததில் இன்ஜினுக்குள் பெட்ரோல் நிறைந்திருக்கும். பிளக்கைக் கழற்றி, சோக்கைத் திறந்து வைத்து, மெஷினைக் கவிழ்த்துப் பிடித்துப் பத்து தடவை இழுத்து வெளியேற்றிவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் நல்ல கரண்ட் வந்தாலும் பிடிக்காது.

பாகூர் டூ ஸ்ட்ரோக்:

இது சரியான யோசனை.

வயர் எங்கே போயிருக்கும் என்று தேட ஒரு குறிப்பு. இந்த மெஷினில் பின் கைப்பிடியும் டேங்கும் ஒரு துண்டு, இன்ஜின் தனித் துண்டு, நடுவில் அதிர்வு தாங்குகிற ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்கும். ஓடும்போது இந்த இரண்டு துண்டும் தனித்தனியாக ஆடும். சுவிட்ச் கைப்பிடிப் பக்கம், காயில் இன்ஜின் பக்கம், ஆக வயர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தாண்டிப் போக வேண்டும். அதற்கென்று ஒரு பள்ளம் இருக்கும். வயர் அந்தப் பள்ளத்தில் இல்லாமல் வெளியே பிதுங்கியிருந்தால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பெண்ணைக்கரை:

கிடைத்துவிட்டது. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதோடுதான்.

ஏர் ஃபில்டரைக் கழற்றியதும் ஒன்றும் தெரியவில்லை. மீட்டர் நண்பர் சொன்னபடி பீப்பில் வைத்துக்கொண்டு, என் மகன் மீட்டரைப் பிடிக்க, நான் பின் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினேன். கீழே அழுத்தினால் பீப், தூக்கினால் அமைதி. அழுத்திப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தால், டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில், ரப்பர் குமிழுக்குப் பக்கத்தில் வயர் பள்ளத்தை விட்டு வெளியே வந்து சிலிண்டர் அடித்தளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. கருப்பு உறை அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு இல்லவே இல்லை, உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கிறது. விளிம்பிலும் அதே அளவுக்கு ஒரு பளபளப்பு. வெள்ளத்துக்கு அப்புறம் பிரித்துக் கழுவியவர் திரும்ப மாட்டும்போது வயரைப் பள்ளத்தில் அமுக்காமல் விட்டிருக்கிறார். இத்தனை நாள் தாங்கியதே பெரிது. அறுக்கும்போது கைப்பிடியை அழுத்தியதால்தான் பாதி மரத்தில் நின்றிருக்கிறது என்று இப்போது புரிகிறது.

வயரை ஒட்டுப் போடாமல் முழுதாகவே மாற்றினேன், பழைய பைக் வயரிங்கிலிருந்து ஒரு முழம். சூடு பட்டால் சுருங்குகிற உறை ஒன்றையும் மேலே மாட்டி, பள்ளத்தில் அமுக்கி வைத்தேன். பாகூர் அண்ணன் திட்டுவார் என்று சுவிட்சையும் சோதித்தேன், ஆஃப் போட்டால் நிற்கிறது.

அடுத்து சவுக்குக்கட்டை சொன்ன வேலை. மேக்னட் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது, எமரி போட்டதும் வெள்ளையானது. நான் விட்டிருந்த இடைவெளியில் மூன்று விசிட்டிங் கார்டு தாராளமாகப் போனது! எல்ஐசி ஏஜென்ட் கொடுத்த கார்டு ஒன்றை வைத்துச் சரிசெய்தேன். அதற்கு அப்புறம் பொறி நீலமாக, டிக் டிக் என்று சத்தம் கேட்கிற அளவுக்கு வந்தது. பெட்ரோலை வடித்துவிட்டு ஐந்தாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பாதியில் நின்ற வேம்பை முடித்தாயிற்று.

ஒரு சின்ன ஆர்வத்தில் பழைய காயிலையும் திரும்ப மாட்டிப் பார்த்தேன். அதுவும் ஓடுகிறது. புதியதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று போனால் எலக்ட்ரிக்கல் சாமான் ரிட்டர்ன் கிடையாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

சவுக்குக்கட்டை:

58 சிசி காயில்தானே? எங்களிடம் ஒன்று இப்போது டீ மெஷின் ஆகிக்கொண்டிருக்கிறது. முந்நூறு ரூபாய்க்குத் தருவீர்களா? ரெட்டிச்சாவடி பஸ் ஸ்டாப்பில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

பெண்ணைக்கரை:

முந்நூற்றைம்பது. எல்ஐசி கார்டு இலவசம்.